பைலட் பிளாண்டுக்கு யார் பணம் போடுவது?

புரோப்பிலீன், புரோப்பேன் என்ற இரு வாயுக்களின் கொதிநிலைகளுக்கும் நடுவே சுமார் 5 டிகிரி செல்சியஸ்தான் வித்தியாசம். இரண்டையும் பிரிக்க 100-க்கும் மேற்பட்ட தட்டுகள் கொண்ட வடிகோபுரம் வேண்டும். மேலே ஏறிய ஆவியைக் குளிர்வித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்பக் கோபுரத்துக்குள்ளேயே இறக்கி, அடியில் மறுபடி கொதிக்க வைத்து, இரவு பகலாக இதே சுழற்சி. 2016-இல் நேச்சர் இதழில் டேவிட் ஷோல், ரயன் லைவ்லி இருவரும் எழுதிய கட்டுரை, அமெரிக்காவின் மொத்த ஆற்றல் நுகர்வில் 10 முதல் 15% வரை இப்படிப்பட்ட பிரிப்பு வேலைகளுக்கே போகிறது என்று கணக்குக் காட்டியது. கொதிக்க வைக்காமல் பிரிக்கும் மெம்பிரேன்களும் (சல்லடைபோல் வடிக்கும் மென்படலங்கள்) உறிஞ்சுபொருட்களும் ஆய்வகங்களில் நல்ல முடிவுகளைத் தந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் மிகச் சிலவே ஆலைக்குள் நுழைகின்றன. மீதமெல்லாம் நடுவழியில், அதாவது பைலட் பிளாண்டும் (சிறு அளவுச் சோதனை ஆலை) முதல் செயல்விளக்க ஆலையும் கட்டவேண்டிய இடத்தில், பணம் போட ஆளில்லாமல் நின்றுவிடுகின்றன. அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து நிதி போடும் ஆராய்ச்சித் திட்டங்கள் அந்த இடத்துக்காகவே உருவானவை.

நிறுவனம் தனியாக ஏன் செய்வதில்லை என்பது சுலபமாகப் புரியும். ஒரு வேதி ஆலை 30, 40 வருடம் ஓடும். புதுக் கருவி ஒன்றால் ஆற்றல் செலவு கொஞ்சம் குறையலாம். அதே கருவியால் ஆலை சில நாள் நின்றுபோனால் வருட மிச்சம் மொத்தமும் கரைந்துவிடக்கூடும். முதலில் கட்டுகிறவர் எல்லாத் தவறுகளுக்கும் விலை கொடுக்கிறார், இரண்டாவதாகக் கட்டுகிறவர் அந்தப் பாடத்தை இலவசமாக வாங்கிக்கொள்கிறார். ஆகவே எல்லோரும் இரண்டாவதாக வரவே காத்திருப்பார்கள். அரசு தனியாகச் செய்தாலும் ஆகாது. உண்மையான மூலப்பொருளும், அதிலுள்ள கசடும், ஸ்டீம் லைனும், 24 மணி நேர ஆபரேட்டர்களும் ஆலையில்தான் இருக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்கு நடுச்சுவர் கோபுரம் நல்ல சான்று. ஒரே கோபுரத்தின் உள்ளே செங்குத்தாக ஒரு சுவர் வைத்து, இரண்டு கோபுரங்கள் செய்யவேண்டிய மூன்று பொருள் பிரிப்பை ஒன்றிலேயே முடிப்பது அதன் யோசனை. ஆற்றல் செலவு ஏறத்தாழ 30% குறையும். ரைட் என்பவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1949-இல். முதல் தொழிற்சாலைக் கோபுரத்தை பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஓட்டியது 1985-இல், கெர்ட் கைபெலின் வேலையால். நடுவே 36 வருடம். அறிவு இருந்தது; சுவரின் இரு பக்கமும் திரவத்தைச் சரியாகப் பிரித்துக் கட்டுப்படுத்த முடியுமா என்ற சந்தேகத்தை ஓட்டிக்காட்டித் தீர்க்க ஒரு கோபுரம் இல்லை.

தொழில்நுட்ப முதிர்ச்சியை 1 முதல் 9 வரை எண்ணால் குறிக்கும் வழக்கம் நாசாவிலிருந்து வந்தது. ஆய்வக மேசையில் தத்துவம் நிரூபணமாவது 3, ஆய்வகக் கருவியாக ஓடுவது 4, ஆலைச் சூழலில் பைலட் 6, முழு அளவுக்கு நெருங்கிய செயல்விளக்கம் 7. நிதி விண்ணப்பங்களில் இந்த எண்ணை ஊதிப் பெருக்குவது மிக வழக்கமான தவறு. மேசையில் 2 கிராம் வினையூக்கியோடு, சிலிண்டரில் வாங்கிய சுத்த வாயுவில் 50 மணி நேரம் ஓடிய ஒன்றை 5 என்று எழுதிக் கொடுப்பார்கள். அது 3, அதிகம் போனால் 4. எண் தவறினால் காலக்கெடுவும் செலவும் சேர்ந்தே தவறும்.

மேசையிலிருந்து பைலட்டுக்குப் போகும்போது என்ன மாறுகிறது? முதலில் வெப்பம். ரியாக்டரின் நீள அகலங்கள் 10 மடங்கானால் கொள்ளளவு 1,000 மடங்கு, சுவர்ப் பரப்பு 100 மடங்கு மட்டுமே. சிறு குழாயில் தானாகச் சுவர் வழியே வெளியேறிய வெப்பம் பெரிய குழாயில் உள்ளேயே தங்கி, நடுவில் சூடு ஏறி, வினையூக்கி கருகும். அடுத்தது கசடு. மேசையில் வினைபுரியாத வாயுவை வெளியே விட்டுவிடுவோம். ஆலையில் அதைத் திரும்பச் சுழற்ற வேண்டும். சுழற்ற ஆரம்பித்தால் பத்து லட்சத்தில் சில பங்கே இருந்த கந்தகமோ வேறு துணைப்பொருளோ சேர்ந்து சேர்ந்து பெருகும். எனவே பைலட்டில் மறுசுழற்சி லூப் இல்லை என்றால் அந்தப் பைலட் முக்கியமான கேள்விக்குப் பதில் தராது. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் அந்த லூப்தான், அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. மெம்பிரேன் என்றால் சில சதுர சென்டிமீட்டர் துண்டில் வந்த பிரிப்புத் திறன் பல இழைகளைக் கட்டிய முழு மாட்யூலில் வராது: சீல் கசியும், நுண்ணிய ஓட்டைகள் இருக்கும், ஓட்டம் எல்லா இழைக்கும் சமமாகப் போகாது.

இனி பணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகள் அடிப்படை ஆய்வுக்கு 100%, தொழில்சார் ஆய்வுக்கு 50%, சோதனை மேம்பாட்டுக்கு 25% வரை கொடுக்க அனுமதிக்கின்றன. நடுத்தர நிறுவனத்துக்கு 10 சதவீதப் புள்ளி, சிறு நிறுவனத்துக்கு 20 சதவீதப் புள்ளி கூடுதல். நிபந்தனைகளுக்கு உட்பட்ட கூட்டு முயற்சிக்கு இன்னும் 15. கூட்டி வரும் தொகை 80%-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 2005-ஆம் வருட எரிசக்திக் கொள்கைச் சட்டப்படி, ஆய்வு மேம்பாட்டில் பொதுவாக 20 சதவீதமும் செயல்விளக்க நிலையில் 50 சதவீதமும் குறைந்தபட்சம் அரசல்லாத பங்காக வரவேண்டும். ஆலையை நெருங்க நெருங்க அரசின் பங்கு குறைகிறது. சரியான தர்க்கம்தான். ஆனால் செலவு வெடித்துப் பெருகுவதும் அதே நிலையில்தான் என்பதால், நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர் முதல் நாளிலிருந்தே பேச்சில் இருக்க வேண்டும். ஆராய்ச்சிப் பிரிவு மட்டும் கையெழுத்துப் போட்ட திட்டங்கள் இரண்டாம் வருடத்தில் ஆட்டம் காண்கின்றன.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவின் புத்தாக்கத் திட்டங்களில் லாப நோக்குள்ள நிறுவனத்துக்கு 70% கிடைக்கும். நேரடிச் செலவு 100 என்று வையுங்கள். மறைமுகச் செலவுக்காக அதன்மேல் 25% கூட்டி 125 ஆக்குவார்கள். அதில் 70% என்றால் 87.5. கைக்காசு 12.5 போதும் என்று தோன்றும். நிறுவனத்தின் உண்மையான மறைமுகச் செலவு 60 என்றால் மொத்தம் 160, கையிலிருந்து போவது 72.5. இன்னொன்றும் உண்டு: வெளி நிறுவனத்துக்கு துணை ஒப்பந்தமாகக் கொடுக்கும் தொகைக்கு அந்த 25% சேராது. பைலட்டை முழுக்க வெளியே கட்டக் கொடுத்தால் அந்த இடத்தில் கணக்கு இறங்கிவிடும்.

அதைவிடப் பெரிய அடி தேய்மானத்தில் விழும். பல திட்டங்களில் கருவியின் முழு விலையைத் தருவதில்லை, திட்டக் காலத்துக்குள் வரும் தேய்மானத்தை மட்டும் ஏற்பார்கள். 36 மாதத் திட்டம்; 10 வருட ஆயுள் கொண்ட கம்ப்ரஸர் 18-ஆம் மாத முடிவில் வந்து நிற்கிறது. ஏற்கப்படும் காலம் 18 மாதம், அதாவது 120-இல் 18, விலையில் 15%. அதற்கு 70% என்றால் உண்மையில் கிடைப்பது கருவி விலையில் 10.5%. வரவு செலவுத் தாளில் 70% என்று எழுதிவைத்தவர்களுக்கு இது தணிக்கையின்போதுதான் தெரியவரும். முழு விலையையும் ஏற்கிறார்களா என்று, விண்ணப்பம் கோரும் அழைப்பு ஆவணத்தில் தேடிப் பாருங்கள். சில அழைப்புகளில் வெளிப்படையாகவே அனுமதி இருக்கும். இல்லையென்றால் வாடகைக்கு எடுப்பது, கருவியை முதல் ஆறு மாதத்துக்குள் இறக்குவது போன்ற வழிகளை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

பணமாக அல்லாமல் பொருளாகவும் உழைப்பாகவும் தரும் பங்கிலும் கவனம் தேவை. ஆபரேட்டரின் நேரம் சம்பளச் செலவில் கணக்கிடப்படும், அதற்கு நேரப் பதிவு வேண்டும். சொந்த ஆலையில் தயாரித்த மூலப்பொருளை விற்பனை விலைக்கு மதிப்பிட்டு எழுதினால் தணிக்கையில் தள்ளுபடியாகும். அடக்க விலைதான் செல்லும்.

இதற்கெல்லாம் மேலாக, விண்ணப்பத்தின் உயிர்நாடி ஆற்றல் அடிப்படைக் கணக்கு. எதோடு ஒப்பிட்டு எத்தனை மிச்சம் என்பதில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

ஆலையின் ஒரு யூனிட் மணிக்கு 20 ஜிகாஜூல் நிலையான ஆற்றல் செலவும், டன்னுக்கு 4 ஜிகாஜூல் கூடுதல் செலவும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 டன் ஓடினால் டன்னுக்கு 6 ஜிகாஜூல். 5 டன் ஓடினால் டன்னுக்கு 8. கருவியில் எதையும் மாற்றாமலேயே, உற்பத்தி குறைந்த மாதத்தை அடிப்படையாகவும் உற்பத்தி நிறைந்த மாதத்தைப் புதுத் தொழில்நுட்பத்தின் முடிவாகவும் எடுத்தால் 25% மிச்சம் காட்டிவிடலாம். அதனால் ஒற்றை எண்ணை அடிப்படையாக வைக்காதீர்கள். குறைந்தது ஒரு வருட மணிவாரித் தரவை எடுத்து, உற்பத்திக்கு எதிராக ஆற்றலை வரைந்து, நேர்கோட்டின் சாய்வையும் அது வெட்டும் இடத்தையும் இரண்டையும் பதிவு செய்யுங்கள். விளைபொருளின் தூய்மையும் அதே அளவில் இருக்கவேண்டும், 99.5%-க்கும் 99.9%-க்கும் கோபுரத்தின் செலவு ஒன்றல்ல.

மீட்டரின் பிழையும் இதில் சேரும். முன்பு அளந்ததில் 3%, பின்பு அளந்ததில் 3% பிழை என்றால், தனித்தனி மீட்டர்களாக இருக்கும்பட்சத்தில் வித்தியாசத்தின் பிழை சுமார் 4.2%. அப்போது 5% மிச்சம் என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. ஒரே மீட்டரை முன்னும் பின்னும் பயன்படுத்தினால் ஒரே பக்கம் சாயும் பிழை பெருமளவு கழிந்துவிடும். ஆரம்பத்திலேயே மீட்டரைச் சரிபார்த்துச் சான்று வாங்கி வைப்பது மொத்தத் திட்டத்தில் மிக மலிவான செலவுகளில் ஒன்று. ஸ்டீமை டன்னில் எழுதுவதையும் விடவேண்டும். 4 பார் தனியழுத்தத்தில் 1 டன் பூரித ஸ்டீம் நீராகும்போது 2.13 ஜிகாஜூல் தரும். 10 பாரில் 2.01 தான்.

மிச்சக் கணக்கின் எல்லையை எங்கே போடுகிறோம் என்பதில்தான் நல்ல பொறியாளர்களும் வழுக்குகிறார்கள். பெரிய வளாகங்களில் உயர் அழுத்த ஸ்டீம் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டு, குறைந்த அழுத்த ஸ்டீமாக இறங்கி யூனிட்டுகளுக்கு வரும். புதுத் தொழில்நுட்பம் ஒரு யூனிட்டில் மணிக்கு 10 டன் குறைந்த அழுத்த ஸ்டீமை மிச்சம் பிடிக்கிறது என்றால், ஒன்று டர்பைன் வழியே போகும் ஓட்டம் குறைந்து அந்த அளவு மின்சாரத்தை வெளியே வாங்கவேண்டி வரும், அல்லது மிஞ்சிய ஸ்டீம் வானத்துக்குப் போகும். யூனிட் எல்லையில் தெரிந்த மிச்சம் வளாக எல்லையில் பாதியாகும், சில சமயம் காணாமலே போகும். வளாக வாசலில் அளக்கும் எரிபொருளிலும் மின்சார மீட்டரிலும் என்ன மாறும் என்று எழுதாத விண்ணப்பத்தை மதிப்பீட்டாளர்கள் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கோபுரத்தின் மேலே வெளியேறும் வெப்பத்தை மின்சாரத்தால் உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றி அடியில் கொடுக்கும் ஹீட் பம்புக்கும் இதே ஒழுக்கம் வேண்டும். அடியில் கொதிக்க வைக்கும் ரீபாய்லருக்கு 10 மெகாவாட் வெப்பம் தேவை, செயல்திறன் எண் (ஒரு பங்கு மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம்) 5 என்றால் கம்ப்ரஸருக்கு 2 மெகாவாட் மின்சாரம். அந்த மின்சாரம் 40% திறனுள்ள அனல் நிலையத்திலிருந்து வந்தால் எரிபொருள் கணக்கில் 5 மெகாவாட். 90% திறனுள்ள பாய்லரில் அதே வேலைக்கு 11.1 மெகாவாட். ஆக மிச்சம் 80% இல்லை, 55%. அதுவே பெரிய மிச்சம்தான். நேர்மையாக எழுதினாலும் நிதி கிடைக்கும். வெப்பநிலை உயர்வு 30 டிகிரியிலிருந்து 60 டிகிரியானால் செயல்திறன் எண் ஏறத்தாழ பாதியாகும் என்பதையும் அருகிலேயே எழுதிவிடுங்கள். கோபுரத்தின் மேலுக்கும் அடிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பார்த்தாலே திட்டம் தேறுமா தேறாதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

குளோரின் உற்பத்தியில் வந்த ஆக்சிஜன் கேத்தோடு (ஆக்சிஜன் ஊட்டப்படும் எதிர்மின்வாய்), கூட்டு நிதியின் பலத்துக்கும் எல்லைக் கணக்கின் அவசியத்துக்கும் ஒருசேர எடுத்துக்காட்டு. உப்புநீரை மின்சாரத்தால் பிரிக்கும் வழக்கமான மெம்பிரேன் செல் சுமார் 3 வோல்ட்டில் ஓடும். கேத்தோடில் ஆக்சிஜன் கொடுத்து ஹைட்ரஜன் உண்டாகாமல் தடுத்தால் சுமார் 2 வோல்ட் போதும். மின்சாரம் 30% வரை குறையும். ஜெர்மன் கல்வி, ஆராய்ச்சி அமைச்சகத்தின் நிதியோடு நடந்த ஆய்வுக்குப் பிறகு, 2011-இல் கிரேஃபெல்ட்-உயர்டிங்கனில் வருடத்துக்கு 20,000 டன் திறனுள்ள செயல்விளக்க ஆலை ஓடத் தொடங்கியது. அதே தொழில்நுட்பத்தில் கோவெஸ்ட்ரோ நிறுவனம் ஸ்பெயினின் தாரகோனாவில் பெரிய அளவு ஆலையைத் திறந்தது 2023-இல். செயல்விளக்கத்திலிருந்து பெரிய ஆலைக்கு 12 வருடம் ஆகியிருக்கிறது. மூன்று வருடத் திட்டத்தில் சந்தைக்கு வந்துவிடும் என்று எழுதுபவர்கள் இதைப் பார்க்கவேண்டும். கணக்கிலும் இரண்டு கழிவுகள் உண்டு. ஆக்சிஜனைக் காற்றிலிருந்து பிரிக்க மின்சாரம் செலவாகும். முன்பு கிடைத்த ஹைட்ரஜன் இனி கிடைக்காது. அந்த ஹைட்ரஜனைப் பாய்லரில் எரித்துக்கொண்டிருந்த வளாகத்துக்கு இந்த மாற்றம் லாபம். அதை வினைக்கு மூலப்பொருளாக நம்பியிருந்த வளாகத்துக்கு வேறு கணக்குப் போடவேண்டும்.

எத்திலீன் உற்பத்தியில் மின்சார உலையும் இதே வரிசையில் வருகிறது. பி.ஏ.எஸ்.எஃப்., சாபிக், லிண்டே மூன்றும் லுட்விக்ஸ்ஹாஃபெனில் கட்டிய செயல்விளக்கத்துக்கு ஜெர்மன் பொருளாதார, காலநிலை அமைச்சகம் 1.48 கோடி யூரோ கொடுத்தது. 2024 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 6 மெகாவாட் மின்சாரத்தில் மணிக்கு சுமார் 4 டன் ஹைட்ரோகார்பன். வேலையை இரண்டு உலையாகப் பிரித்த விதம் பாராட்டத்தக்கது: ஒன்றில் வினைக் குழாய்க்குள்ளேயே மின்னோட்டம் பாய்ச்சுகிறார்கள், மற்றதில் குழாயைச் சுற்றிச் மின்சூடேற்றிகளை வைக்கிறார்கள். 850 டிகிரியில் உலோகம் எப்படித் தாங்கும் என்ற கேள்விக்கு இரண்டு பதில்களையும் ஒரே இடத்தில் அளக்கலாம். பொதுப் பணம் இப்படிக் கேள்வியைக் குறிவைத்துச் செலவாக வேண்டும். இங்கும் எல்லைக் கணக்கு காத்திருக்கிறது: உலையில் இதுவரை எரிந்த துணைவிளைபொருள் மீத்தேனை இனி என்ன செய்வது என்பதையும் சேர்த்துத்தான் மிச்சத்தைச் சொல்லமுடியும்.

கூட்டணியில் யார் யார் என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆலை வைத்திருப்பவர், கருவி தயாரிப்பவர், வினையூக்கியோ மெம்பிரேனோ செய்பவர், பொறியியல் வடிவமைப்பாளர், பல்கலைக்கழகம். இவர்களில் அதிகம் விடுபடுவது கருவி தயாரிப்பவர். அவர் இல்லையென்றால் திட்டம் வென்றாலும் அடுத்த ஆலைக்கு அதை உத்தரவாதத்தோடு விற்க ஆள் இருக்காது. ஜெர்மனியின் லெவர்கூசனில் 2009 முதல் 2013 வரை நடந்த எஃப்3 ஃபேக்டரி திட்டம் இந்தச் சேர்க்கையைச் சரியாகச் செய்தது: கன்டெய்னருக்குள் அடங்கும் உற்பத்தி மாட்யூல்களை எல்லோரும் ஒரே பொது இடத்தில் வந்து மாட்டி ஓட்டினார்கள். அமெரிக்காவில் 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ராபிட் என்ற கூட்டு ஆராய்ச்சி நிறுவனமும் அந்த நாட்டு வேதிப் பொறியாளர் சங்கத்தின் தலைமையில் இதே திசையில் வந்ததே. அரசு 7 கோடி டாலர் வரை ஒதுக்க, தனியார் பங்கு அதற்கு ஈடாக வரவேண்டும் என்பது ஏற்பாடு.

அறிவுசார் சொத்துரிமையில் சண்டை வருவது பெரும்பாலும் திட்டத்துக்கு முன்பே கையிலிருந்ததை எழுதி வைக்காததால். ஒவ்வொருவரும் கொண்டுவரும் பழைய அறிவை எண் போட்டுப் பட்டியலிட்டு இணைப்பாக வையுங்கள். வினையூக்கி செய்முறையைத் தரமாட்டேன் என்று தயாரிப்பாளர் சொல்வது நியாயமே. ஆனால் பல்கலைக்கழகம் வெளியிட எதுவும் மிஞ்சாமல் போகக் கூடாது. அளவுகளை ஒரு குறிப்பு மதிப்பால் வகுத்து விகிதமாக வெளியிடுவது இருவருக்கும் ஒத்துவரும். கூட்டாக உருவான முடிவுக்கு யார் காப்புரிமைக் கட்டணம் கட்டுவார், எந்தெந்த நாட்டில், கட்டாமல் விட்டால் மற்றவர் எத்தனை நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் பணம் வரும் முன்பே முடித்துவிட வேண்டும். பணம் வந்தபின் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

காலக்கெடுவைக் கெடுப்பவை மூன்று. கம்ப்ரஸர் போன்ற கருவிகள் ஆர்டர் போட்டு வர ஒரு வருடத்துக்கும் மேலாகலாம். ஹேசாப் என்ற ஆபத்து ஆய்வும் அரசு அனுமதியும் தனித்தனிக் காலம் எடுக்கும். மூன்றாவது, ஆலையின் பெரிய ஷட்டவுன். ஓடும் லைனில் வெட்டி இணைப்புக் கொடுக்க அந்த நாட்கள்தான் உண்டு. பெரிய ஆலைகளில் அது சில வருடங்களுக்கு ஒருமுறையே வரும். தவறவிட்டால் திட்டமே முடிந்துபோகலாம். ஆகவே நிதி உறுதியாகும் முன்பே, அடுத்த ஷட்டவுனில் இரட்டை அடைப்பு வால்வும் நடுவே வடிகாலும் வைத்து ஒரு கிளை இணைப்பை விட்டுவையுங்கள். திட்டம் வராவிட்டால் நஷ்டம் இரண்டு வால்வு.

ஓட்ட வேண்டிய மணி நேரத்தை ஒப்பந்தத்திலேயே எண்ணாக எழுதுங்கள். உண்மையான மூலப்பொருளில் 1,000 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். வினையூக்கி தளர்வதும் மெம்பிரேன் அடைபடுவதும் அதற்குப் பிறகே தெளிவாகத் தெரியும். இடைநிலைத் தீர்மானங்களும் எண்ணாகவே இருக்கட்டும்: 18-ஆம் மாதத்தில் டன்னுக்கு இத்தனை ஜிகாஜூலுக்குக் கீழே வராவிட்டால் நிறுத்துவோம், மீதிப் பணத்தைத் திருப்புவோம். நிறுத்தும் உரிமை எழுதியிருந்தால்தான் நிறுவனத்தின் நிதிப் பிரிவு துணிந்து உள்ளே வரும்.

கடைசியாக, முடிவு நாளுக்கு அப்புறம் பைலட்டை என்ன செய்வது என்பதை முதல் வரைவிலேயே எழுத வேண்டும். திட்டம் முடிந்தபின் பைலட்டைக் கழற்ற ஆகும் செலவு பொதுவாக ஏற்கப்படாது. உள்ளே வினையூக்கி இருக்கும், சுத்தம் செய்யாத குழாய்களில் கரைப்பான் இருக்கும், அனுமதிக் காலம் முடிந்திருக்கும். கழற்றுவதையும் கழிவு அகற்றுவதையும் கடைசி மூன்று மாத வேலையாகத் திட்டத்துக்குள்ளேயே சேருங்கள். கழற்றும்போது குழாய்களின் உள்சுவரை வெட்டிப் பார்த்து அரிப்பையும் படிவையும் அளந்து பதிவு செய்யுங்கள். அடுத்த ஆலைக்கு எந்த உலோகம் வேண்டும் என்பது அந்தத் துண்டுகளில்தான் இருக்கிறது.